கஞ்சித்தொட்டியில் ஒரு மூத்திரப் புராணம்

வடசென்னைக்காரருக்குப் பெருமை பேச விஷயப் பஞ்சமே கிடையாது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ல் எங்கேயிருந்து கிளம்பியது? ராயபுரம். உலகமெல்லாம் டயர் விற்கிற எம்.ஆர்.எஃப். 1946ல் எங்கே பொம்மை பலூன் செய்துகொண்டிருந்தது? திருவொற்றியூர். லேலண்ட் லாரி? எண்ணூர். இதையெல்லாம் காசிமேட்டு டீக்கடையில் யாரைக் கேட்டாலும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் அதே வட்டாரத்தில் தினமும் காலையில் சின்னக் குப்பி ஒன்றை முந்தானைக்குள்ளோ சட்டைப் பைக்குள்ளோ மறைத்துக்கொண்டு, ஏதோ தங்கம் கடத்துகிற தோரணையில் லேப் வாசலில் வரிசை கட்டுகிற ஜனங்களைப் பற்றி ஒருத்தரும் வாய் திறப்பதில்லை. அந்தக் குப்பிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. கொஞ்சம் நாற்றமடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரி என்று போர்டில் எழுதியிருக்கும். பழைய வண்ணாரப்பேட்டை ஆயாவைக் கேட்டால் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்றுதான் வழி சொல்லும். ஹைதர் அலி 1780ல் படையோடு இறங்கி வந்து சுற்றுவட்டாரத்தைத் துவம்சம் செய்தார். பின்னாலேயே பஞ்சம் வந்தது. ஊரை விட்டு ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782ல் ஏற்பட்டது மணியக்காரர் சத்திரம். கஞ்சிக்கு வந்தவர்கள் பசியோடு மட்டுமா வருவார்கள்? சீக்கோடும் வந்தார்கள். 1799ல் ஜான் அண்டர்வுட் என்ற வெள்ளைக்கார டாக்டர் ஏழைகளுக்கென்று அங்கே ஓர் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். 1930களில் அந்த வழியில் வந்த மருத்துவப் பள்ளி கல்லூரியாகப் பதவி உயர்வு பெற்று, கவர்னர் ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டான்லியின் பெயரைச் சூடிக்கொண்டது. கஞ்சி போய் கவர்னர் வந்தார். ஆயா மட்டும் பெயரை மாற்ற மறுத்துவிட்டது.

அந்த 1799ல் ஒருத்தர் அண்டர்வுட் துரையிடம் போய், "தொரை, ஒன்னுக்குப் போனா எரியுது" என்று நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? துரை அதைக் கண்ணாடிக் குடுவையில் வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருப்பார். நிறம் பார்த்திருப்பார், முகர்ந்திருப்பார், தலையை ஆட்டியிருப்பார். அதற்கு மேல் அவருடைய சரக்கில் ஒன்றுமில்லை. நுண்ணோக்கி என்ற கருவி அப்போதே பழசு. அதில் தெரிகிற பூச்சிக்கும் கீழே எரிவதற்கும் முடிச்சுப் போடத்தான் ஆள் வரவில்லை.

துரையை மட்டும் கிண்டல் செய்துவிட்டு நம்மவர்களை விட்டால் பாவம். நம்மிடம் தேரையர் இருந்தார். ராஜாவின் மண்டைக்குள் புகுந்த தேரையை வெளியே குதிக்க வைத்ததால் அந்தப் பெயர் வந்தது என்பது கதை. அப்படிப்பட்டவருக்கு மூத்திரம் எம்மாத்திரம்? சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடி, நாக்கு, விழியோடு சிறுநீரும் ஒன்று. நீர்க்குறியில் நிறம், மணம், நுரை, எடை, எஞ்சல் என்று ஐந்தையும் பார்க்க வேண்டும். அடுத்தது நெய்க்குறி. விடிகாலை நீரை ஒரு பாத்திரத்தில் பிடித்து, வெயில் படுகிற இடத்தில் அசையாமல் வைத்து, ஒரே ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட வேண்டும். எண்ணெய் பாம்பாய் நீண்டால் வாதம், மோதிரமாய் விரிந்தால் பித்தம், முத்தாய் அப்படியே நின்றால் கபம். தாம்பரம் சானடோரியத்தில் இருக்கிற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் இன்றைக்கும் நெய்க்குறி பார்க்கிறார்கள். சொட்டு பரவுகிற விதத்துக்கும் நீரின் அடர்த்திக்கும் இழுவிசைக்கும் சம்பந்தம் இருக்கலாம், அது வேறு விசாரணை. எண்ணெய்ச் சொட்டைக் கேட்டு எந்தக் கிருமி, அதற்கு எந்த மாத்திரை என்று தெரிந்துகொள்ள முடியாது. தேரையரும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஐரோப்பாவில் இதே வித்தையை இன்னும் ஜோராக நடத்தினார்கள். அடி உருண்ட கண்ணாடிக் குடுவை ஒன்றைக் கூடையில் வைத்து வேலைக்காரன் எடுத்துக்கொண்டு போவான். வைத்தியர் நோயாளியின் முகத்தையே பார்க்காமல், நீரை மட்டும் பார்த்து, இது ஆணா பெண்ணா, கர்ப்பமா, பிழைக்குமா போகுமா என்று அத்தனையும் சொல்லிவிடுவார். தாமஸ் பிரையன் என்ற ஆங்கிலேயர் எரிச்சலாகி, 1637ல் 'மூத்திர ஜோசியன்' என்ற அர்த்தத்தில் தலைப்பு வைத்து ஒரு புத்தகமே போட்டு மானத்தை வாங்கினார். சரியாக இரண்டே வருஷம் கழித்து, 1639ல், பிரான்சிஸ் டே நம்ம கடற்கரையில் இடம் வாங்குகிறார். சென்னையின் பிறந்தநாள் கொண்டாடும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம். வந்து இறங்கிய கூட்டத்தின் மருத்துவம் அப்போது எந்த லட்சணத்தில் இருந்தது என்று தெரியும்.

சர்க்கரை விஷயத்தில் மட்டும் நம்மூர் வைத்தியர்கள் கெட்டிக்காரர்கள். நீரைக் கீழே ஊற்றி எறும்பு வருகிறதா என்று பார்த்தார்கள். ஆக்ஸ்போர்டு பேராசிரியர் தாமஸ் வில்லிஸ் தேன்போல இனிக்கிறது என்று 1674ல் எழுதி வைத்தார். எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். நாம் எறும்பை அனுப்பிய வேலைக்கு அங்கே நாக்கை அனுப்பியிருக்கிறார்கள்.

சர்க்கரைக்கு எறும்பு சாட்சி. நீர்க்கடுப்புக்கு யார் சாட்சி? அதற்கு 19ஆம் நூற்றாண்டின் பின்பாதி வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் ரவுண்டு ஒரு குழாயடிச் சண்டை. கொதிக்கவைத்த சிறுநீரில் கொஞ்சம் காரம் சேர்த்து வைத்தால் உயிர்கள் தானாகவே முளைக்கின்றன என்று லண்டனில் பாஸ்டியன் என்ற பேராசிரியர் 1870களில் அடம்பிடித்தார். தானாக எதுவும் முளைக்காது, உன் பாத்திரத்தைச் சரியாகக் கழுவு என்று பாரிசிலிருந்து பாஸ்டர் பாய்ந்தார். இரண்டு மகா மேதைகள் கொதித்த மூத்திரத்தை நடுவில் வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் மல்லுக்கு நின்றார்கள். நல்லது என்னவென்றால், வெறும் கொதி போதாது, 120 டிகிரி வரை அழுத்தத்தில் ஏற்றினால்தான் சில கிருமிவித்துகள் சாகும் என்பது அந்தச் சண்டையில் தெளிந்தது. பாஸ்டரின் சிஷ்யர் சாம்பர்லாண்ட் 1879ல் ஆட்டோகிளேவைச் செய்தார். இன்றைக்கு எந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கத்தி ஆட்டோகிளேவிலிருந்து சுத்தமாக வெளியே வந்தாலும், அதற்கு எங்கோ ஒரு குடுவை சிறுநீருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அடுத்த காட்சி பெர்லின். ராபர்ட் கோக் கிருமியைத் தனித்தனியாக வளர்க்கப் பாடாய்ப் படுகிறார். உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்தார். ஜெலட்டினில் வளர்த்தார். ஜெலட்டினுக்கு ஒரு கெட்ட குணம், கொஞ்சம் வெயில் பட்டாலே உருகிவிடும். உடம்புச் சூடான 37 டிகிரியில் வைத்தால் வெறும் தண்ணீர். போதாததற்குச் சில கிருமிகள் அதையே தின்று ஏப்பம் விட்டன. பெர்லினிலேயே இந்தக் கதி என்றால், கோக் துரை கத்திரி வெயிலில் ராயபுரத்துக்கு வந்து கடை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தட்டை எடுப்பதற்குள் கையில் வழிந்திருக்கும்.

காப்பாற்றியது ஒரு சமையலறை. கோக்கின் கூட்டத்தைச் சேர்ந்த வால்டர் ஹெஸ்ஸியின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸி 1881ல், "நான் செய்கிற ஜெல்லி வெயில் காலத்திலும் உருகுவதில்லையே, அதை முயற்சி செய்து பாருங்களேன்" என்கிற ரீதியில் யோசனை கொடுத்தார். ஜாவாவில் வாழ்ந்துவிட்டு வந்த டச்சுப் பழக்கக்காரர்களிடம் அவர் கற்றுக்கொண்ட சரக்கு அது. அகர் அகர். நம்ம பாஷையில் கடல்பாசி. நோன்பு மாதத்தில் மண்ணடிப் பக்கம் பாலும் சர்க்கரையும் ரோஸ் கலரும் போட்டுத் துண்டு துண்டாக நறுக்கி வைப்பார்களே, அதே சமாச்சாரம். ராமநாதபுரம் கடலோரத்துப் பெண்கள் கண்ணில் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து பறித்து வருகிற பாசிகளிலிருந்துதான் நம்மூரில் அதைக் காய்ச்சுகிறார்கள். அந்தப் பாசிகளில் ஒன்றுக்கு மீனவர்கள் வைத்திருக்கிற பெயர் கஞ்சிப்பாசி. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரியின் கிருமிக்கும் கஞ்சிதான் என்று எழுதியிருக்கிறது போல.

கோக் 1882ல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தபோது அகரைக் குறிப்பிட்டார். யோசனை சொன்ன அம்மாவைக் குறிப்பிடவில்லை. 1887ல் பெட்ரி என்ற உதவியாளர் தட்டுக்கு ஒரு கண்ணாடி மூடியைப் போட்டார். உலகம் பூராவும் அது 'பெட்ரி டிஷ்' ஆகிவிட்டது. பாசி போட்டவளுக்கு ஒன்றுமில்லை, மூடி போட்டவருக்குப் பட்டயம். இதற்கு மேல் நான் ஏதாவது சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது, நகர்கிறேன்.

நீர்க்கடுப்பின் குற்றவாளியைப் பிடித்தது தியோடர் எஷரிக் என்ற குழந்தை மருத்துவர். 1885ல், கைக்குழந்தைகளின் மலத்தில். இத்தனை புண்ணியத் தலங்களை விட்டுவிட்டு அங்கே போய்த் தேடியிருக்கிறாரே, அந்த மனசு யாருக்கு வரும்? அந்தக் கிருமிக்குப் பிற்காலத்தில் அவர் பெயரையே வைத்தார்கள், எஷரிகியா கோலி. சுருக்கமாக ஈ.கோலி. குடலில் இருக்கிறவரை பரம சாது. அங்கிருந்து ரெண்டு அங்குலம் இடம் மாறி நீர்த்தாரைக்குள் நுழைந்துவிட்டால் ரவுடி. பெண்களுக்கு அந்தத் தாரை நீளம் குறைவு, வாசல்களும் பக்கத்துப் பக்கத்தில். ஆகவே பெண்களிடம்தான் அதன் கைவரிசை அதிகம். "சூடு பிடிச்சிருக்கு, வெயில்ல அலைஞ்சே" என்று வீட்டில் பெரியவர்கள் தீர்ப்பு எழுதி இளநீரும் பார்லித் தண்ணியும் கொடுத்ததில் ஒரு நியாயம் உண்டு. நிறையக் குடித்தால் நிறையப் போகும், கிருமியும் கொஞ்சம் அடித்துக்கொண்டு போகும். வெயில் மேல் போட்ட கேஸ்தான் பொய் கேஸ்.

ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரி இருக்கிறதல்லவா, சவளை ராமசாமி முதலியார் பெயரில். கர்ப்பிணிகள் என்றால் சிறுநீர் சோதனை இல்லாமல் நகராது. அந்தக் கால லேப் சோதனையே தனி நாடகம். ஸ்பிரிட் விளக்கு, அதன் மேல் சோதனைக் குழாய், இடுக்கியில் பிடித்தபடி ஒருத்தர். காய்ச்சி, ரெண்டு சொட்டு அசிட்டிக் அமிலம் விட்டு, வெள்ளையாகத் திரிந்தால் ஆல்புமின். பக்கத்தில் பெனடிக்ட் கரைசல், 5 மில்லிக்கு 8 சொட்டு. நீலமாகவே நின்றால் தப்பித்தீர்கள். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறம் வந்துவிட்டால் ஜாங்கிரிக்கு அன்றோடு முழுக்கு. 1908ல் அந்தக் கரைசலைத் தந்த அமெரிக்கரின் முழுப்பெயர் ஸ்டான்லி ராசிட்டர் பெனடிக்ட். கவர்னர் ஸ்டான்லியின் பெயர் கஞ்சித்தொட்டி வாசலில் பெரிய எழுத்தில் இருக்கிறது. உள்ளே உண்மையிலேயே வேலை பார்த்த ஸ்டான்லி ஒரு நீலப் பாட்டிலில் இருந்தார். பெயர்ப்பலகைகளின் யோகம் அப்படி.

இப்போது குழாயும் விளக்கும் அநேகமாகப் போயாச்சு, ஒரு குச்சித்தாள். முக்கினால் கட்டம் கட்டமாய் நிறம் மாறும். 1956ல் ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃபிரட் ஃப்ரீ என்ற அமெரிக்கத் தம்பதி சர்க்கரைக்காகக் கண்டுபிடித்தது. பிறகு அதில் கட்டங்கள் கூடின. நீர்க்கடுப்புக்காரர் கவனிக்க வேண்டியது நைட்ரைட் கட்டத்தை. ஈ.கோலி மாதிரியான கிருமிகள் சிறுநீரில் இருக்கிற நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும், அந்தக் கட்டம் ரோஸாகும். அந்த ரோஸின் மூலவர் பீட்டர் கிரீஸ். இங்கிலாந்தில் ஒரு பீர் கம்பெனியின் வேதியியலாளர். பகலில் பீருக்குக் காவல், மிச்ச நேரத்தில் சாய வேதியியல். பீருக்கும் மூத்திரத்துக்கும் உள்ள பந்தத்தை ராயபுரம் ஆட்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1879ல் அவர் சொன்ன சோதனைதான் இன்றைக்கும் அந்தக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதே சாயக் குடும்பத்தில் பிற்பாடு பிறந்த ஒரு சிவப்புச் சாயம் புரான்டோசில். 1935ல் ஜெர்மனியின் டோமாக் அது கிருமியைக் கொல்லும் என்று வெளியிட்டார். சல்ஃபா மாத்திரைகளின் தலைமகன்.

மருந்து வந்துவிட்டது. பிறகு ஒரு தர்மசங்கடம். எல்லார் குப்பியிலும் ஏதோ நாலு கிருமி தென்படுகிறது. தோலில் இருந்து வந்ததா, மூத்திரப்பையில் இருந்து வந்ததா? எத்தனை இருந்தால் குற்றம்? பாஸ்டனில் எட்வர்ட் காஸ் என்ற டாக்டர் 1956ல் கோடு போட்டார். ஒரு மில்லியில் ஒரு லட்சம். அதற்கு மேலே போனால் நோய்த்தொற்று, கீழே போனால் பெரும்பாலும் வழியில் ஒட்டிக்கொண்ட தூசி. வெளியே அறிகுறியே இல்லாமல் லட்சாதிபதியாகத் திரியும் கர்ப்பிணிகளுக்குப் பின்னால் சிறுநீரகமே வீங்கும் ஆபத்து உண்டு என்றும் காட்டினார். பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரிகளில் "எரிச்சல் எதுவும் இல்லீங்களே, எனக்கு எதுக்கு?" என்று கேட்கிற பெண்ணையும் விடாமல் குப்பியைக் கையில் கொடுப்பது அந்த மனிதரின் உபயம்.

லட்சத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்று ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு மெல்லிய கம்பி, நுனியில் குட்டி வளையம். அதில் சரியாக ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நிற்கும். குப்பிக்குள் நேராக இறக்கி எடுத்து, கடல்பாசித் தட்டின் நடுவே ஒரு கோடு, அதைக் குறுக்கே வெட்டி நெருக்க நெருக்கமாய் இழுப்பு. 37 டிகிரிப் பெட்டியில் ஒரு ராத்திரி. காலையில் சி.எல்.ஈ.டி. என்கிற பச்சை நீலத் தட்டு மஞ்சளாய் மாறி, அதன் மேல் மஞ்சள் பொட்டுகள் தெரியும். ஒரு பொட்டுக்கு ஆயிரம் கணக்கு. நூறு பொட்டு வந்தால் லட்சம். மெக்கான்கி தட்டு என்றால் ஈ.கோலி ரோஸ் நிறத்தில் முளைக்கும். புரோட்டியஸ் என்று ஒரு பயல் உண்டு, அவனை ரத்தத் தட்டில் விட்டால் எண்ணூர்க் கடல் அலை மாதிரி வளையம் வளையமாய்த் தட்டு முழுக்க ஏறிவிடுவான். அவன் ஆட்டத்தை அடக்கத்தான் சி.எல்.ஈ.டி.யில் உப்பைக் குறைத்தார்கள். அடுத்த நாள் இன்னொரு தட்டு. அதில் மாத்திரை தோய்த்த பொட்டுக் காகிதங்கள். எந்தக் காகிதத்தைச் சுற்றிக் கிருமி அண்டாமல் வட்டம் விழுகிறதோ, அந்த மருந்து செல்லும். 1966ல் கிர்பி, பாவர் கூட்டம் ஒழுங்குபடுத்திய முறை.

காஸ் போட்ட லட்சக் கோட்டையும் சும்மா விடவில்லை. எரிச்சலோடு வருகிற பெண்ணுக்கு நூறு கிருமி இருந்தாலே போதும் என்று 1982ல் ஸ்டாம் என்பவர் காட்டினார். மூத்திரப்பை கோயில் கருவறை மாதிரி சுத்தம், அங்கே ஒன்றுமே குடியிருக்காது என்று பாடப்புத்தகம் சொன்னதும் 2012க்குப் பிறகு பொய்யாகிவிட்டது. உள்ளே ஒரு காலனியே உண்டாம். பட்டினத்தார் திருவொற்றியூரில் அடங்கியவர். இந்த உடம்பைப் பற்றி அவர் பாடாத பாட்டா? லேப் ரிப்போர்ட்டைக் காட்டினால் ஆச்சரியப்படவே மாட்டார்.

இவ்வளவு சரித்திரமும் கடைசியில் வந்து முட்டிக்கொள்வது குப்பியின் வாயில். கவுன்டரில் நடக்கும் உரையாடல் இப்படி:

"ஆயா, மொதல்ல வர்றத விட்ருங்க. நடுவுல வர்றதப் புடிங்க."

"நடுவுலன்னா, நடு ராத்திரியா கண்ணு?"

"இல்ல ஆயா, பாதி போனப்புறம்."

"பாதி போனா மீதி வராதே, எனக்குச் சக்கர வேற."

கவுன்டர் பெண் சிரிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்வாள். காரணம் கணக்கு. ஈ.கோலி வசதியான இடத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். தோலிலிருந்து மில்லிக்கு ஆயிரம் கிருமி தவறி விழுந்த குப்பியைப் பையில் போட்டு, எண்ணூரிலிருந்து ராயபுரத்துக்கு கன்டெய்னர் லாரிகளின் நடுவே ஊர்ந்து வந்தால், 2 மணி 20 நிமிடத்தில் அது 1,28,000. நோயே இல்லாதவருக்கு லட்சக் கணக்கில் கேஸ். துறைமுகத்தின் ஜீரோ கேட் பக்கம் மணிக்கணக்கில் நிற்கிற லாரி டிரைவர்கள் அடக்கி அடக்கியே வியாதியை வாங்குகிறார்கள் என்றால், நாம் டிராஃபிக்கில் ரிப்போர்ட்டையே வளர்த்து எடுக்கிறோம்.

இன்னும் மோசமான வில்லன் முக்கில் இருக்கிற மெடிக்கல் ஷாப். "அண்ணே, எரியுதுண்ணே" என்றால் ரெண்டு நாளுக்கு மாத்திரை. எரிச்சல் அடங்கும், குப்பியும் வேண்டாம், தட்டும் வேண்டாம். அதன் பலன் என்ன தெரியுமா? 2008ல் ஸ்வீடனில் ஒரு நோயாளியின் சிறுநீரில் அநேகமாக எந்த மருந்துக்கும் அசராத கிளெப்சியெல்லா கிடைத்தது. அவர் அதற்கு முன் டெல்லியில் ஆஸ்பத்திரியில் இருந்தவர். அதன் சூட்சும மரபணுவுக்கு என்.டி.எம்-1 என்று பெயர் வைத்தார்கள், முதல் இரண்டு எழுத்தும் நியூ டெல்லி. 2010ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்த ஆய்வு லான்செட் குழும இதழில் வந்தது. சென்னை மாதிரிகளில் மட்டும் அந்த மரபணு கொண்ட கிருமிகள் 44. தேசமே கொந்தளித்தது. எதற்கு? தலைநகரின் பெயரை எப்படிக் கிருமிக்கு வைக்கலாம் என்று. கிருமி அந்தப் பஞ்சாயத்தில் வாயே திறக்கவில்லை, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆகவே, எரிகிறது என்றால் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கல்ச்சர் எழுதினால், முதல் மாத்திரையை வாயில் போடுவதற்கு முன்னால் குப்பியைக் கொடுங்கள். கழுவிக்கொண்டு, நடுவில் வருவதைப் பிடித்து, ரெண்டு மணி நேரத்துக்குள் லேப்பில் சேர்த்துவிடுங்கள். வழியில் டிராஃபிக் என்றால் அங்கேயே போய்ப் பிடியுங்கள். அதற்கென்று ஒரு பாத்ரூம் இருக்கும், தாழ்ப்பாள் விழுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.